ஓரிகன் அறமன்றங்கள்

நீதிமன்றக் கட்டிடம் உயரமாக இருக்கவேண்டும். உள்ளே நுழைபவன் தன்னைச் சிறியவனாக எண்ணிக்கொள்ள வேண்டும். உலகெங்கும் கட்டிடம் கட்டுவோர் கற்று வைத்திருக்கும் பாடம் இது. அகன்ற படிகள், நெடிய தூண்கள், எட்டாத உயரத்திலே கூரை, மேடைமீது கருப்பு அங்கி! கோயில் கட்டியவன் கையாண்ட முறைதான் எல்லாம். அங்கே கல்லுக்குள் கடவுள் இருப்பதாக நம்பச் சொன்னார்கள். இங்கே கல்லுக்குள் நீதி இருப்பதாக நம்பச் சொல்கிறார்கள்.

கல்லைத் தட்டிப் பார்ப்பது நம் வழக்கம். இம்முறை நாம் தட்டிப் பார்க்க எடுத்துக்கொள்வது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியாவுக்கு வடக்கே, பசிபிக் மாகடலை நோக்கியிருக்கும் ஓரிகன் மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றங்களை. மரமும் மீனும் மண்டிய மாநிலம் அது. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். ஒரு மனிதனைப் பார்த்து, “நீ எந்த இரத்தம்?” என்று அங்கே கேட்டார்கள். அவன் சொன்ன விடையிலே “ஆரியம்” இருந்தது. அதற்கு உச்சநீதிமன்றம் எழுதிய தீர்ப்பிலே “திராவிடர்” என்ற சொல்லும் இருந்தது. அந்த வழக்கை நம் இளைஞர் அறிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நீதிமன்றங்கள் உண்டு. கொலை, களவு, குடும்பத் தகராறு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் விசாரிக்கப்படும். அரசியல் சட்டம், குடியுரிமை, வெளிநாட்டு ஒப்பந்தம், மத்திய அரசுக்குச் சொந்தமான நிலம் ஆகியவற்றைப் பற்றிய வழக்குகள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும். அந்த நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். செனட் சபை இசைவு தரும். பதவி வாழ்நாள் முழுதும். தேர்தலுக்கு அஞ்சவேண்டியதில்லை, ஊர் வாய்க்கு அஞ்சவேண்டியதில்லை. ஏட்டிலே அப்படி. நாட்டிலே எப்படி என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஓரிகன், மாநிலமாக ஏற்கப்பட்டது 1859 பிப்ரவரி 14ஆம் நாள். அதற்கு முன், 1857இல், அரசியல் சட்டம் எழுதி மக்கள் வாக்குக்கு விட்டார்கள். கூடவே இரண்டு கேள்விகள். முதல் கேள்வி: இங்கே அடிமை முறை வேண்டுமா? வேண்டும் என்றவர் 2,645 பேர். வேண்டாம் என்றவர் 7,727 பேர். ஆகா, எத்துணை பெருந்தன்மை என்று பாராட்ட வாயெடுக்கிறோம். பொறுங்கள், இரண்டாவது கேள்வி இருக்கிறது. அடிமையல்லாத, சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்கள் இங்கே வந்து குடியேறலாமா? வரலாம் என்றவர் 1,081 பேர். வரக்கூடாது என்றவர் 8,640 பேர்!

அடிமையாகவும் வேண்டாம், அண்டை வீட்டானாகவும் வேண்டாம்! உழைக்கும் கறுப்பனைக் கண்டும் அச்சம், உரிமையுள்ள கறுப்பனைக் கண்டும் அச்சம். அந்தத் தடை அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1926 வரையில் நீக்கப்படாமல் இருந்தது. சீனருக்கும் ஒரு பிரிவு எழுதினார்கள்: சட்டம் ஏற்கப்படும் நாளில் அங்கே குடியிருக்காத சீனன் எவனும் பிறகு நிலமோ சுரங்க உரிமையோ வைத்திருக்கலாகாது என்று.

இந்த அரசியல் சட்டத்தை எழுதிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மாத்யூ டெடி. அடிமை முறையை ஆதரித்தவர். மாநிலம் பிறந்ததும் அங்கே நியமிக்கப்பட்ட முதல் கூட்டாட்சி நீதிபதியும் அவர்தான். 1859 முதல் 1893இல் சாகும்வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்த நாற்காலி அவருடையது. அவருக்காகவே என்பதுபோல எழுந்தது போர்ட்லண்டு நகரின் முதல் கூட்டாட்சி மாளிகை. 1869இல் தொடங்கி 1875இல் முடித்தார்கள். மத்திய அரசின் கருவூலத்துறைக் கட்டிடக் கலைஞர் ஆல்பிரட் முல்லெட் வரைந்த படம், மணற்கல் சுவர், உச்சியிலே எட்டுத் திசையும் பார்க்கச் சாளரம் வைத்த மாடக்கூண்டு. கீழே தபால் நிலையம், மேலே நீதிமன்றம். பசிபிக் வடமேற்குப் பகுதியில் இன்று நிற்கும் கூட்டாட்சிக் கட்டிடங்களிலே மிகப் பழையது அதுவே. இப்போது அதற்கு முன்னோடியர் நீதிமன்றம் என்று பெயர்.

அடிமை முறையை ஆதரித்தவர், சீனன் நிலம் வாங்கக்கூடாது என்ற சட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், அந்த மாளிகையிலே என்ன தீர்ப்பு எழுதியிருப்பார்? எளிதில் ஊகிக்கலாம் என்று தோன்றும். ஆனால் வரலாறு நம் ஊகத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பொதுப்பணிகளிலே சீனத் தொழிலாளரை அமர்த்தக்கூடாது என்று மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 1879இல் அந்தச் சட்டம் டெடியின் முன் வந்தது. சீனாவுடன் அமெரிக்கா 1868இல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இது முரண் என்றார் அவர். 1886இல் ஓரிகன் சிட்டி என்ற ஊரில் கம்பளி ஆலைச் சீனத் தொழிலாளரைக் கும்பலொன்று விரட்டியடித்தது. டெடி, ஜூரிகளை அழைத்து, கும்பலின் செயல் குற்றம் என்று அறிவுறுத்தினார்; வழக்குகள் தொடரப்பட்டன.

மனம் மாறிவிட்டதா? அப்படிச் சொல்ல நாம் தயங்குகிறோம். அவர் கும்பலை வெறுத்தவர், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மதித்தவர். சீனன் தன் உடன்பிறப்பு என்று எண்ணியதால் வந்த தீர்ப்பல்ல அது. சட்டத்தின் எழுத்தை மீறலாகாது என்பதால் வந்த தீர்ப்பு. எழுத்து நல்லதாக இருந்த இடத்திலே நல்லது நடந்தது. எழுத்தே தீயதாக இருந்தால்? அதற்கு விடையைப் பின்னால் வந்த நீதிபதிகள் தந்தார்கள்.

அந்த மாளிகையின் வாழ்க்கையிலே பெரிய மனிதர்களும் கூண்டேறியதுண்டு. பொது நிலத்தைப் பொய்ப் பெயர்களிலே எழுதி வாங்கி மரக் கம்பெனிகளுக்குக் கைமாற்றிய மோசடி வழக்கிலே, செனட் உறுப்பினர் ஜான் மிட்செல் 1905இல் குற்றவாளி என்று முடிவாயிற்று. மேல்முறையீடு முடியுமுன், அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்தார். நிலத்தைக் களவாடியவர்களில் ஒருசிலருக்குத் தண்டனை. களவுபோன காட்டுக்குச் சொந்தக்காரர்களான பழங்குடி மக்களைப் பற்றி அந்த வழக்கிலே ஒரு பேச்சுமில்லை!

டாக்டர் மேரி ஈக்வியின் வழக்கும் அங்கேதான் நடந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர். கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேசி 1916இல் கைதானவர். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பக்கம் நின்றவர். முதல் உலகப் போர் முதலாளிகளின் போர் என்று பேசினார். போர் ஓய்ந்த அதே 1918 நவம்பரில், உளவுச் சட்டத்தின்கீழ் அவரைக் குற்றவாளி என்றார்கள். மூன்றாண்டுத் தண்டனை, பிறகு அது குறைக்கப்பட்டது. சான் குவெண்டின் சிறைக்குப் போனார். பீரங்கி ஓய்ந்தது, சட்டம் ஓயவில்லை. பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் உரிமை என்று சொல்லி ஏச்சும் பேச்சும் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. ஈக்வியின் வரலாறு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

இனி நாம் சொல்லவந்த வழக்குக்கு வருவோம்.

பகத்சிங் திண்ட் என்பவர் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்திலே 1892இல் பிறந்த சீக்கியர். 1913இல் அமெரிக்கா சென்றார். படிக்கப் பணம் வேண்டும்; ஓரிகனின் மர ஆலைகளிலே வேலை செய்தார். அந்நாளில் கொலம்பியா ஆற்றங்கரை மர ஆலைகளிலே பஞ்சாபியர் பலர் இருந்தனர். ஆற்று முகத்துவாரத்திலுள்ள அஸ்டோரியா ஊரில், பின்லாந்துத் தொழிலாளரின் சோஷலிஸ்ட் மண்டபத்திலே, 1913இல் அவர்கள் கூடித் தொடங்கிய சங்கமே கதர் கட்சியாக வளர்ந்தது. இது நூற்கும் கதரல்ல. உருது மொழியிலே கிளர்ச்சி என்று பொருள்படும் சொல். வெள்ளையனை விரட்ட வெள்ளைக்காரத் தொழிலாளியின் மண்டபம் இடம் தந்தது என்பதை நிறவெறியருக்கும் சொல்லலாம், நிறத்தை மட்டுமே பார்க்கும் நம்மவருக்கும் சொல்லலாம்.

1918இல் திண்ட் அமெரிக்கப் படையிலே சேர்ந்தார். தலைப்பாகையோடு சேர்ந்தார். போர் முடிந்ததும் நன்னடத்தைச் சான்றோடு விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், படைவீரனின் உடையிலேயே, வாஷிங்டன் மாநிலத்தில் அவருக்குக் குடியுரிமை தந்தார்கள். நான்கு நாட்கள் சென்றன. தந்ததைத் திரும்பப் பறித்தார்கள்! காரணம்? அவர் வெள்ளையர் அல்லராம்.

1790ஆம் ஆண்டுச் சட்டம் அது. சுதந்திரமான வெள்ளை மனிதர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870இல், ஆப்பிரிக்கப் பிறப்பினருக்கும் அந்த வாய்ப்பைத் திறந்தார்கள். நடுவே கிடந்த ஆசிய மக்களுக்கோ இரண்டு கதவும் இல்லை. வீரன் என்பது கணக்கில்லை, உழைப்பாளி என்பது கணக்கில்லை. தோல் என்ன, தொப்புள்கொடி எங்கே அறுந்தது, அதுதான் கேள்வி. நமக்குப் பழக்கப்பட்ட கேள்வியல்லவா!

திண்ட் விடவில்லை. ஆற்றைக் கடந்து போர்ட்லண்டு வந்தார். மணற்கல் மாளிகையிலே, நீதிபதி சார்லஸ் உல்வர்ட்டன் முன் மனுப்போட்டார். அரசாங்கத் தரப்பு எதிர்த்தது. வெள்ளையர் அல்லர் என்றது. கதர் கட்சிக்காரரோடு பழகியவர் என்றும் சொன்னது. உல்வர்ட்டன் அந்த மனிதரைக் கண்டார், அவர் பேச்சைக் கேட்டார், படைத் தொண்டைப் பார்த்தார். 1920 நவம்பர் 18ஆம் நாள் குடியுரிமை அளித்தார். அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. மேல்முறையீட்டு மன்றம் தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு கேள்வியாக்கி உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பியது. அமிர்தசரசில் பிறந்த, முழு இந்திய இரத்தமுடைய, உயர்சாதி இந்து வெள்ளை மனிதர்தானா? இதுதான் கேள்வி. சீக்கியர் எப்படி இந்து ஆனார் என்று வியக்கவேண்டாம். அந்நாளில் இந்தியாவிலிருந்து வந்த எவருக்கும், முஸ்லிமுக்கும்கூட, அமெரிக்கர் வைத்த பெயர் அது.

திண்ட் தரப்பிலே என்ன வாதாடினார்கள்? இங்கேதான் தோழர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும்.

‘பிறப்பைக் கேட்பது அநீதி, மனிதனை மனிதனாகப் பார்’ என்று வாதாடவில்லை. ‘நான் ஆரியன்; தூய ஆரிய இரத்தம் ஓடும் உயர்சாதியான்; ஐரோப்பியரும் நானும் ஒரே குலம்’ என்று வாதாடினார்கள். சான்றாக எதைக் காட்டினார்கள் தெரியுமா? சாதியை! உயர்சாதி இந்து, இந்நாட்டுப் பழங்குடி மக்களைத் திருமண உறவிலே எப்படி ஒதுக்கி வைக்கிறானோ அப்படித்தான் அமெரிக்க வெள்ளையன் நீக்ரோவை ஒதுக்கி வைக்கிறான் என்றார்கள். ‘உன் வெறியும் என் வெறியும் ஒன்று, ஆகவே நாம் இருவரும் ஒன்று!’ இதற்கு வேறு பொருள் உண்டா?

சாதி வேண்டாம் என்ற குருமார்களின் வழியிலே பிறந்தவர் திண்ட். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் லங்கரைக் கண்டு வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் பெயரிலே, கடல் கடந்த நாட்டின் உச்சநீதிமன்றத்தில், சாதித் திமிர் தகுதிச் சான்றாக நீட்டப்பட்டது. வழக்கறிஞரின் உத்தி என்பார்கள். சட்டம் அந்த வாசலைத்தான் திறந்து வைத்திருந்தது, வேறு வழி ஏது என்பார்கள். நாமும் அதை மறுக்கவில்லை. உணவுக்கு வழியின்றி நிற்பவன் எந்தக் கதவைத் தட்டினான் என்று வயிறு நிறைந்தவன் பழிப்பது எளிது. ஆனாலும் அந்த வாசலுக்குள் நுழைய எவரை மிதித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. ஏணியை உடைக்கக் கேட்கவில்லை. ஏணியின் மேற்படியிலே தனக்கும் ஓர் இடம் கேட்டார்கள்.

மேற்படியில் இருந்தவன் இடம் தந்தானா?

1923 பிப்ரவரி 19. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஜார்ஜ் சதர்லண்டு. இங்கிலாந்திலே பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். குடியேறியவர் குடியேற வந்தவரைத் தடுக்கும் காட்சி! மூன்று திங்களுக்கு முன், 1922 நவம்பரில், டகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கிலே தீர்ப்புச் சொன்னவரும் இவரே. ‘வெள்ளையர் என்பது தோலின் நிறத்தைப் பொறுத்ததல்ல, காக்கேசிய இனத்தவரையே அச்சொல் குறிக்கும், நீர் காக்கேசியர் அல்லர், போம்’ என்றார் அப்போது. மிக நன்று. திண்ட் வந்தார். அந்நாளைய இனநூலார் பலர் வட இந்தியரைக் காக்கேசியர் என்றே வகுத்திருந்தனர். அப்படியானால் திண்டுக்குக் குடியுரிமை உண்டல்லவா? இல்லை! ‘இனநூல் எதையோ சொல்லட்டும்; சாதாரண மனிதன் பேச்சுவழக்கிலே வெள்ளையன் என்றால் யாரை நினைப்பானோ அவனே வெள்ளையன்’ என்று மாற்றிப் போட்டார் சதர்லண்டு. ஜப்பானியனுக்கு நூல் அளவுகோல். இந்தியனுக்குத் தெருப்பேச்சு அளவுகோல். கதவைச் சாத்துவது என்று முடிவு செய்தபின் எந்தத் தாழ்ப்பாள் கிடைத்தால் என்ன?

அந்தத் தீர்ப்பிலே ஒரு வேடிக்கை. ஆரியம் என்பது மொழியைக் குறிக்கும் சொல்லே தவிர உடற்கூற்றைக் குறிப்பதல்ல என்றார் நீதிபதி. இனக்கொள்கை என்ற வகையில் ஆரியம் அறிஞர்களால் கைவிடப்பட்டுவிட்டது என்றார். மேலும் சென்று, இந்தியாவுக்குள் புகுந்த ஆரியர் கருநிறத் திராவிடரோடு கலந்துவிட்டனர், அந்தக் கலப்பைத் தடுக்க வகுத்த சாதி விதிகள் முழு வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை என்றும் எழுதினார். பட்டாடைக்குள் இருந்த பொய்யை எடுத்துக் காட்டிவிட்டார்! ஆனால் எதற்காகக் காட்டினார்? தூய இரத்தம் என்று உலகில் எங்கும் எதுவும் இல்லை, ஆகவே இரத்தத்தைக் கேட்கும் சட்டமே மடமை என்று முடிப்பதற்கா? அல்ல. கலப்பு ஏற்பட்டுவிட்டது, ஆகவே நீ வெள்ளையன் அல்லன் என்று முடிப்பதற்கு! ஆரியப் புரட்டு அம்பலமானதே என்று நம்மில் எவரேனும் கைதட்டினால், அந்தக் கையைச் சற்று நிறுத்தச் சொல்வோம். திராவிடக் கலப்பு என்பது அங்கே கறையாகக் காட்டப்பட்டது. உயர்சாதி வாதமும் சரி, அதை முறியடித்த தீர்ப்பும் சரி, ஒரே நஞ்சிலே தோய்ந்தவை.

விளைவு கொடியது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கக்கூடாது என்று அதே 1923இல் ஓரிகனும் சட்டம் போட்டது. சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோதாஸ் பகாய், நாடற்றவராக ஆக்கப்பட்டு, 1928இல் தற்கொலை செய்துகொண்டார். திண்டின் வாழ்க்கை வேறு விதமாகப் போயிற்று. முதல் போரில் தொண்டாற்றிய படைவீரர்க்கு இன வேறுபாடின்றிக் குடியுரிமை தரலாம் என்று 1935இல் சட்டம் வந்தது. 1936இல், நியூயார்க்கிலே, மூன்றாம் முறையாக அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அம்முறை எவரும் பறிக்கவில்லை. மற்ற இந்தியர் 1946 வரையில் காத்திருந்தனர்.

உல்வர்ட்டனைப்பற்றி இன்னும் ஒரு சொல். 1922இல் ஓரிகன் வாக்காளர், குழந்தைகள் அனைவரும் அரசாங்கப் பள்ளிக்கே போகவேண்டும் என்று சட்டம் நிறைவேற்றினர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் நின்று தள்ளியது யார்? முகமூடி அணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டம். கத்தோலிக்கப் பள்ளிகளை மூடுவதே அதன் குறி. 1924இல் உல்வர்ட்டன் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் போர்ட்லண்டிலே அச்சட்டத்தைத் தடுத்தனர். 1925இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. மதப் பள்ளியிடம் நமக்குப் பற்று ஏதுமில்லை. ஆனால் ஒரு மதத்தாரின் வெறி இன்னொரு மதத்தாரின் பள்ளியை மூடுவதற்குப் பகுத்தறிவு என்று பெயர் சூட்ட நாம் தயாராக இல்லை.

1933இல் நீதிமன்றம் மணற்கல் மாளிகையை விட்டு வெளியேறியது. மெயின் தெருவிலே புதிய கட்டிடம். வரைந்தவர் போர்ட்லண்டுக் கலைஞர் மாரிஸ் ஒயிட்ஹவுஸ். பழைய மாளிகையை இடித்துவிடலாம் என்றுகூட எண்ணினார்கள், தப்பிப் பிழைத்தது. புதிய கட்டிடத்துக்குப் பிற்காலத்திலே நீதிபதி கஸ் சாலமன் பெயர் இட்டனர். அவர் யூதர். யூதரைச் சேர்க்காத சங்கங்களிலே நடக்கும் கூட்டங்களுக்கு வரமாட்டேன் என்று மறுத்து, அந்தச் சங்கங்களை வெட்கப்படுத்தியவர். அவர் பெயர் தாங்கிய கட்டிடத்திலேதான், அவர் பதவிக்கு வருமுன், மினோரு யசூயியின் வழக்கு நடந்தது.

யசூயி 1916இல் ஓரிகனின் ஹூட் ரிவர் என்னும் பழத்தோட்ட ஊரிலே பிறந்தவர். பெற்றோர் ஜப்பானியர், அவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். ஓரிகனிலே வழக்கறிஞரான முதல் ஜப்பானிய அமெரிக்கர். படையிலே துணை அதிகாரிப் பட்டமும் பெற்றிருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. யசூயி படைமுகாமுக்குச் சென்று, இதோ வந்துவிட்டேன் என்று நின்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 1942 மார்ச்சிலே படைத்தளபதியின் ஊரடங்கு ஆணை வந்தது. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே வரக்கூடாது. எவர்? ஜெர்மானியரிலும் இத்தாலியரிலும் குடியுரிமை பெறாதவர் மட்டும். ஜப்பானிய மரபினராயின் குடிமக்களும் சேர்த்து!

மார்ச் 28ஆம் நாள் இரவு. யசூயி வேண்டுமென்றே போர்ட்லண்டுத் தெருக்களிலே நடந்தார். ஒரு போலீஸ்காரரை நிறுத்தி, ஆணையைக் காட்டி, என்னைக் கைது செய்யும் என்றார். வீட்டுக்குப் போய்ச் சேர், தம்பி, என்ற பாணியிலே போலீஸ்காரர் போய்விட்டார். யசூயி நேரே காவல் நிலையத்துக்கே நடந்து சென்று கைதானார். வழக்கு வேண்டும் அவருக்கு. அந்த ஆணையை நீதிமன்றத்திலே நிறுத்தவேண்டும்.

திண்டின் வழக்கையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரும் படைவீரர், இருவரையும் பிறப்பைக் காட்டியே ஒதுக்கினார்கள். ஆனால் யசூயி, நானும் வெள்ளையனே என்று சொல்லவில்லை. ஜப்பானியரிலே நான் உயர்ந்தவன், விசுவாசி, எனக்கு மட்டும் விலக்குத் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. குடிமகனைப் பிறப்பின்படி பிரிப்பதே சட்டத்துக்குப் புறம்பு என்றார். அந்த வாதத்தைத்தான் 1923இல் யாரும் வைக்கவில்லை.

நீதிபதி ஜேம்ஸ் ஆல்ஜர் பீ 1942 நவம்பரில் தீர்ப்பளித்தார். குடிமக்கள்மீது இந்த ஆணை செல்லாது என்றார்! மகிழ்ச்சி ஒரு பக்கத்தோடு முடிந்தது. யசூயி சிலகாலம் சிகாகோவிலே ஜப்பானியத் தூதரகத்தில் வேலை பார்த்தவர், அதனால் தன் குடியுரிமையைத் தானே இழந்துவிட்டார், ஆகவே அயலார், அயலார்மீது ஆணை செல்லும் என்றார். ஓராண்டுச் சிறை, 5,000 டாலர் அபராதம். ஒரு கை கொடுத்தது, மறு கை பறித்தது. ஒன்பது மாதம் தனிக்கொட்டடியிலே கிடந்தார் யசூயி. 1943 ஜூனில் உச்சநீதிமன்றம் இதைத் தலைகீழாக்கியது. யசூயி குடிமகன்தான், குடியுரிமை போகவில்லை. ஆனால் ஊரடங்கு ஆணை குடிமகன்மீதும் செல்லும்! இரு மன்றங்கள்; இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன; சிறை மட்டும் உறுதியாயிற்று. அதற்குள் மேற்குக் கரையின் ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களிலே அடைபட்டிருந்தனர். போர்ட்லண்டுப் பகுதியினரை முதலில் அடைத்து வைத்த இடம் கால்நடைக் கண்காட்சிக் கொட்டகை.

அதே கட்டிடத்திலே 1969இல் வேறொரு காற்று வீசியது. கொலம்பியா ஆற்றுப் பழங்குடியினர் 1855இல் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களிலே மீன்பிடிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தனர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் மீன்பிடித்த சிலைலோ அருவியை 1957இல் அணைநீர் விழுங்கிவிட்டது. மிஞ்சிய ஆற்றிலே வலை போட்டாலும் கைது. சோஹாப்பி குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். நீதிபதி ராபர்ட் பெலோனி, ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது, ஆற்று மீனிலே நியாயமான பங்கு அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். பத்திரத்திலே எழுதியதைப் படித்துப் பார்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1984 ஜனவரியிலே யசூயியின் பழைய வழக்கும் இந்த பெலோனி முன் வந்தது. ஜப்பானிய மரபினரால் ஆபத்தில்லை என்று காட்டும் செய்திகளைப் போர்க்காலத்திலே அரசாங்கம் மறைத்துவிட்டது என்பதைக் காட்டும் பழைய ஆவணங்கள் கிடைத்திருந்தன. பெலோனி தண்டனையை நீக்கினார். ஆனால் அரசாங்கம் செய்தது குற்றமா என்று ஆராய மறுத்துவிட்டார். யசூயிக்கு அது போதவில்லை. மன்னிப்புப் போல எதையோ கையில் திணித்து அனுப்புவது அவர் கேட்டதல்ல. மேல்முறையீடு செய்தார். அது முடியுமுன், 1986 நவம்பரிலே இறந்தார். 2015இல் குடியரசுத் தலைவர் ஒபாமா அவருக்கு நாட்டின் உயரிய பதக்கத்தை அளித்தார். மார்ச் 28ஐ ஓரிகன் சட்டமன்றம் 2016இல் அவர் பெயரால் நினைவு நாள் ஆக்கியது. சட்டம் மீறிய நாளையே சட்டமன்றம் கொண்டாடுகிறது!

மெட்போர்டு, பெண்டில்டன் ஊர்களிலும் 1916இல் எழுந்த தபால் நிலைய நீதிமன்றங்கள் உண்டு. அவற்றைப்பற்றி விரித்துரைக்க இங்கே தேவையில்லை. பழைய மணற்கல் மாளிகை 1973இல் புதுப்பிக்கப்பட்டு, மேல்முறையீட்டு மன்றம் அங்கே அமரத் தொடங்கியது. போர்ட்லண்டிலே 1997இல் பதினாறு மாடி உயரத்திலே மார்க் ஹாட்பீல்டு நீதிமன்றம் எழுந்தது. 2016 தொடக்கத்திலே துப்பாக்கி ஏந்தி மத்திய அரசின் பறவைச் சரணாலயத்தைக் கைப்பற்றிப் பல வாரம் உட்கார்ந்திருந்த பண்ணையார் கூட்டத்தின் தலைவர் உட்பட ஏழு பேர், அவ்வாண்டு அக்டோபரில் அங்கே குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டனர். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பரைப் போலீஸ்காரர் ஒருவர் கழுத்திலே முழங்கால் வைத்து அழுத்திக் கொன்றபின், அதே கட்டிடத்தின்முன் இரவுதோறும் மக்கள் திரண்டனர். வாணமும் கல்லும் ஒரு பக்கம். கண்ணீர்ப்புகை மறு பக்கம். நகர மேயரே ஒரு நாள் கூட்டத்தினிடையே நின்று கண்ணீர்ப்புகையில் கண் எரிந்தார். அறமன்றத்தைச் சுற்றி இரும்பு வேலி எழுந்தது.

யூஜீன் நகரிலே 2006இல் திறந்த புதிய நீதிமன்றத்துக்கு வேய்ன் மோர்ஸ் பெயர் இட்டிருக்கின்றனர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலே சட்டம் கற்பித்து, பிறகு செனட் சபை சென்றவர் அவர். 1964இல் வியட்நாம் போருக்கு வழி திறந்த தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர். அதே பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய கட்டிடம், 1893 முதல் மாத்யூ டெடியின் பெயரைத் தாங்கி நின்றது. கறுப்பின மாணவர் பெயரை மாற்றக் கோரிப் பல ஆண்டுகள் ஆயின. சீனரைக் காத்த நீதிபதியல்லவா என்று அவர்களுக்கு மறுமொழி சொல்லப்பட்டதும் உண்டு. 2020 ஜூனிலே, போர்ட்லண்டுத் தெருக்களிலே மக்கள் திரண்டிருந்த நாட்களில், அந்தப் பெயரை எடுத்துவிட நிர்வாகக் குழு முடிவு செய்தது. இப்போது அதற்குப் பல்கலைக்கழக மண்டபம் என்று மட்டுமே பெயர்.